‘ஆம்’ என்று டிக் அடித்த பிறகு: இருமுனை மனநோயும் ஒரு பக்கக் கேள்வித்தாளும்

(மனநலம் குறித்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு தாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதில் 13 கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று டிக் அடிக்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளும் கேள்விகள் அதன் கீழே இன்னும் இரண்டு. நிதானமாகப் படித்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எம்.டி.க்யூ. என்பார்கள். ‘மூட் டிஸார்டர் கொஸ்சனேர்’ என்பது முழுப் பெயர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்ற கடலோர ஊரில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். ஒருவருக்கு இருமுனை மனநோய் இருக்கக்கூடுமா என்று முதல் பார்வையில் பிரித்துப் பார்ப்பதற்கான கருவி இது. இன்று உங்கள் செல்போனில் தேடினாலே கிடைக்கும். நிரப்பி முடித்ததும் கீழே முடிவும் வந்துவிடும். அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் என் பேச்சு.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை. காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை என்றால் அது பைபோலார், அதாவது இருமுனை நோய், என்று இப்போது எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அது அல்ல. ஒருவர் தன் இயல்பிலிருந்து விலகி, நாள் கணக்கில், வாரக் கணக்கில் எழுச்சி நிலையில் இருப்பார். தூக்கம் குறையும், பேச்சு பெருகும், திட்டங்கள் குவியும், பணம் தண்ணீராக ஓடும், எரிச்சலும் கோபமும் கூட வரலாம். இது முழு வீச்சில் குறைந்தது ஒரு வாரம் நீடித்தால் மேனியா. அவ்வளவு கடுமையில்லாமல் குறைந்தது நான்கு நாள் நீடித்தால் ஹைப்போமேனியா. இன்னொரு காலத்தில் இதே ஆள் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மனச்சோர்வில் கிடப்பார். நடுவில் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள், உங்களையும் என்னையும் போல இயல்பாக வேலைக்குப் போய் வருவார். மேனியா வந்தவரை முதல் வகையிலும், ஹைப்போமேனியாவோடு மனச்சோர்வும் வந்தவரை இரண்டாம் வகையிலும் சேர்க்கிறோம்.

இதைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்? நோயாளி எந்த நேரத்தில் டாக்டரிடம் வருகிறார் என்பதில்தான் கஷ்டம். எழுச்சியில் இருப்பவர், ‘எனக்கு உற்சாகம் அதிகமாகிவிட்டது, குறைத்துக் கொடுங்கள்’ என்று டோக்கன் வாங்கிக் காத்திருக்க மாட்டார். சோர்வில்தான் வருவார். வந்து, சோர்வைத்தான் சொல்வார். கேட்கிற டாக்டர் மனச்சோர்வு என்று எழுதி, அதற்கான மாத்திரையை மட்டும் கொடுப்பார். இருமுனை நோய் உள்ள சிலருக்கு அந்த மாத்திரை மட்டும் போனால் எழுச்சியைக் கிளப்பிவிடலாம். மனச்சோர்வு மாத்திரைகளின் விளக்கக் குறிப்பிலேயே, கொடுப்பதற்கு முன் இருமுனை நோய் இருக்கிறதா என்று விசாரியுங்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேளுங்கள் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் அச்சாகிறது. அதே ஹிர்ஷ்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இருமுனை நோயாளிகளில் 69 சதவீதம் பேர் முதலில் வேறு நோய்ப் பெயரைச் சுமந்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பெயர்களில் முதலிடம் மனச்சோர்வுக்கு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குச் சரியான பெயர் கிடைக்கப் பத்து வருடமோ அதற்கும் மேலோ ஆகியிருக்கிறது. பத்து வருடத்தில் ஒருவருக்குக் கல்யாணம், குழந்தை, கடன், வேலை மாற்றம் எல்லாமே நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு பக்கத் தாளால் இந்தப் பத்து வருடத்தைச் சுருக்க முடியுமா என்று ஒருவர் யோசித்ததில் தப்பே இல்லை. நல்ல யோசனைதான்.

தாளில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கியும் அது ஒரு குறையாகத் தெரியாத காலம் இருந்ததா? மற்றவர்கள் ‘இவன் இப்படி இல்லையே’ என்று சொல்லும் அளவுக்கு உற்சாகம் இருந்ததா? எண்ணங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தனவா? நட்ட நடு இரவில் நண்பர்களுக்குப் போன் செய்தீர்களா? உங்களையோ குடும்பத்தையோ சிக்கலில் மாட்டிவிடும் அளவுக்குச் செலவு செய்தீர்களா? இப்படிப் போகிறது. பதின்மூன்றில் ஏழு அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ வர வேண்டும். அவற்றில் பல ஒரே காலகட்டத்தில் நடந்திருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு ஓரளவாவது பெரிய பிரச்சினை வந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ‘பாசிட்டிவ்’. ஏழு டிக் வந்ததுமே போனைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பிக்கிறவர்கள் கடைசி இரண்டு கேள்விகளைப் படிப்பதே இல்லை.

இப்போது இரண்டு பேரைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் திருப்பூர்ப் பக்கம் நூல் கமிஷன் பார்ப்பவர். மனச்சோர்வு என்று வந்தார். தாளைக் கொடுத்தேன். பேனாவை வாங்கி மளமளவென்று நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். பதின்மூன்றில் இரண்டே இரண்டு ‘ஆம்’. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தாளை எட்டிப் பார்த்தார்.

“சார், இது நெசமில்லீங்க. போன சித்திரையில ஒரு பத்து நாள் இவரு ஆளே வேறயா இருந்தாருங்க. ராத்திரி ஒரு மணிக்குப் படுப்பாரு, மூணரைக்கு எந்திரிச்சு லைட்டப் போட்டு உக்காந்துக்குவாரு. பகல்ல ஒரு கொட்டாவிகூட விடலீங்க.”

“அது சீசன் சார். ஆர்டர் வந்துட்டே இருந்துச்சு.”

“ஆர்டர் எங்கீங்க வந்துச்சு? இவராத்தான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாரு. என்ற நகைய வெச்சு ஆறு ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டாருங்க. நூல் கமிஷன் பாக்கறவருக்கு மெஷின் எதுக்குங்க? எங்கூட்ல வைக்க எடமில்லாம மாமா கொட்டாய்ல கெடக்குதுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் அவருக்கு நோயாகத் தெரியவில்லை, வாழ்க்கையின் நல்ல காலமாகத் தெரிந்தது. தாள் கேட்பது ‘உங்களுக்குப் பிரச்சினை வந்ததா’ என்று. பிரச்சினை வந்தது மனைவிக்கு. எழுச்சி நிலையில் ஒருவருக்குத் தன்னைத் தானே கவனிக்கும் திறன் மங்கிப்போகும். இது அந்த நோயின் ஒரு பகுதியே. மங்கிப்போன அந்தக் கண்ணையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, ‘நீ என்ன பார்த்தாய்’ என்று கேட்கிறது தாள். அதோடு, சோர்வில் இருப்பவருக்குப் பழைய நல்ல நாட்கள் ஞாபகத்துக்கே வருவது கஷ்டம். அவரைக் கேட்டால், ‘நான் எப்போதுமே இப்படித்தான் சார்’ என்பார்.

ஹைப்போமேனியா உள்ளவர்களைத் தாள் அதிகம் நழுவ விடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். கடைசியில் வரும் ‘பிரச்சினை’ கேள்வியை எடுத்துவிட்டு மதிப்பெண் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டாம் வகை நோயாளிகள் கூடுதலாக அகப்படுவார்கள். கூடவே, நோயே இல்லாதவர்களும் கூடுதலாக அகப்படுவார்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் குறையும் போர்வை இது. எல்லாக் கேள்வித்தாளுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது ஒரு கல்லூரி மாணவி. போனிலேயே நிரப்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பதினொரு ‘ஆம்’. “எனக்கு பைபோலார் டாக்டர்” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். தூக்கம் பற்றிய கேள்விக்கும் ‘ஆம்’ இருந்தது. தூக்கம் வரலையா, இல்லை தேவைப்படலையா என்று கேட்டேன். “வரல டாக்டர். விடிய விடிய முழிச்சிருப்பேன். மறுநாள் க்ளாஸ்ல தலை நிக்காது.” எரிச்சலும் அதிவேக எண்ணங்களும் எத்தனை நாள் நீடிக்கும் என்று கேட்டேன். “நாளா? மத்தியானம் அவன்கூடச் சண்டை வந்தா ஆரம்பிக்கும். சாயங்காலம் அவன் பேசிட்டா சரியாயிடும்.”

தாளில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டை இங்கே தெரிகிறது. இவை எல்லாம் ஒரே காலத்தில் நடந்தனவா என்று அது கேட்கிறது. எத்தனை நாள் நீடித்தன என்று கேட்பதில்லை. நான்கு நாள், ஏழு நாள் என்பது நோயின் இலக்கணத்திலேயே இருக்க, கேள்வித்தாளில் அது இல்லை. மணிக்கணக்கில் ஏறி இறங்கும் மனநிலை, உறவுகளில் விரிசல் விழும் போதெல்லாம் கொதித்து அடங்கும் மனநிலை, இவை வேறொரு பக்கம் கைகாட்டுகின்றன. அந்தப் பெண்ணுக்கு உதவி தேவைப்பட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் இருமுனை நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் தேவைப்படவில்லை.

இதை நான் ஒருவன் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மருத்துவமனையில் பணியாற்றிய மார்க் ஜிம்மர்மன் என்ற மனநல மருத்துவர் பல வருடங்களாக இந்தத் தாளைத் துரத்திக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பிடிவாதக்காரர் என்றும் சொல்லலாம். இத்துறைக்கு அப்படி ஒருவர் தேவையாக இருந்தது. தன் புறநோயாளிகளுக்கு எம்.டி.க்யூ. கொடுத்து, பிறகு விரிவாக நேர்காணலும் செய்தார். தாளில் ‘பாசிட்டிவ்’ வந்தவர்களில் உண்மையாகவே இருமுனை நோய் இருந்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு. உணர்ச்சிகளையும் உறவுகளையும் நிலையாக வைத்துக்கொள்ள முடியாத பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு இருந்ததும் அதே அளவு பேருக்கு. 2010-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே, இருமுனை நோயைத் தேடப் போய் இதைக் கண்டெடுத்தோம் என்ற தொனியில் இருக்கும். அதற்கு முன்பே 2008-இல் அவர் இன்னொன்றைக் காட்டினார். ‘எனக்கு பைபோலார் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்’ என்று வந்த 145 பேரை முறையாக நேர்காணல் செய்தபோது, பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் அது உறுதியானது.

இங்கே ஒரு முரண்பாடு உங்களுக்குத் தோன்றும். ஒருபுறம் பத்து வருடமாகக் கண்டுபிடிக்கப்படாதவர்கள். மறுபுறம் இல்லாத நோயின் பெயரைச் சுமப்பவர்கள். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் எப்படி? இரண்டுமே உண்மை. நூல் கமிஷன்காரரைப் போன்றவர் விடுபடுகிறார், அந்த மாணவியைப் போன்றவர் அகப்படுகிறார். தாளைச் சரியாகப் படிக்காவிட்டால் இரண்டு தவறும் ஒரே கிளினிக்கில், ஒரே நாளில் நடக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

2000-ஆம் ஆண்டின் முதல் ஆய்வு, மனநிலைக் கோளாறுகளுக்காகவே நடக்கும் ஐந்து புறநோயாளி மருத்துவமனைகளில், 198 பேரிடம் நடந்தது. நோய் உள்ளவர்களில் 73 சதவீதம் பேரைத் தாள் சரியாகப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

ஒரு மனநல மருத்துவமனைக்கு வரும் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 200 பேருக்கு உண்டு, 800 பேருக்கு இல்லை. அந்த 200-இல் 146 பேர் அகப்படுவார்கள். 800-இல் பத்து சதவீதம், அதாவது 80 பேர், வீணாக அகப்படுவார்கள். மொத்தம் 226 பேர் கையில் ‘பாசிட்டிவ்’. அவர்களில் 146 பேருக்கு உண்மை. மூன்றில் இரண்டு. மோசமில்லை.

இப்போது அதே தாளை ஊருக்குள் கொண்டுவருவோம். இந்த மண்டபத்தைப் போல ஒரு ஆயிரம் பேர். தாராளமாக நூற்றுக்கு இரண்டு பேருக்கு நோய் என்று வைப்போம். 20 பேர். அவர்களில் 15 பேர் அகப்படுவார்கள். மீதி 980-இல் பத்து சதவீதம் 98. ஆக 113 பேர் ‘பாசிட்டிவ்’ என்று வீட்டுக்குப் போவார்கள். உண்மை 15 பேருக்கு. எட்டுப் பேர் கலங்கினால் ஒருவருக்குத்தான் காரணம் இருக்கிறது. தாளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கொடுத்த இடம்தான் மாறியிருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் கடுமை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வந்தவர்கள் சுமார் 0.5 சதவீதம். அது டிக் அடிக்கும் தாளை நம்பி எடுத்த எண் அல்ல, வீடு வீடாகப் போய் நேர்காணல் செய்து எடுத்தது. அந்த விகிதத்தை வைத்தால் ஆயிரத்தில் ஐந்து பேர். நாலு பேர் அகப்படுவார்கள். வீணாக அகப்படுபவர்கள் நூறு பேர்.

நிஜத்தில் ஊருக்குள் தாள் எப்படி வேலை செய்தது என்பதையும் தாளை உருவாக்கியவர்களே பார்த்தார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். 2003-இல் ஹிர்ஷ்ஃபெல்டு குழுவினர் பொதுமக்களில் 711 பேரிடம் சோதித்தபோது, நோய் உள்ளவர்களில் தாள் பிடித்தது 28 சதவீதம் பேரை மட்டுமே. 73 எங்கே, 28 எங்கே! நோய் இல்லாதவர்களை 97 சதவீதம் சரியாக விட்டது. நான் சொன்ன ஆயிரம் பேருக்கு இந்த எண்களைப் போட்டால், 20 நோயாளிகளில் 14 பேர் கைநழுவிப் போகிறார்கள். ஏனென்றால் மனநோய் மருத்துவமனை வரை வந்தவர் ஏற்கெனவே தன்னைப் பற்றி யோசித்தவர், மற்றவர்கள் சொல்லக் கேட்டவர், டாக்டரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர். ஊரில் இருப்பவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

‘இல்லை’ என்று வந்தால் நம்பலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஊருக்குள் ‘இல்லை’ என்று வந்தவர்களில் 98, 99 சதவீதம் சரியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தாளே கொடுக்காமல் எல்லோரையும் பார்த்து ‘உங்களுக்கு இல்லை’ என்று நான் சொல்லியிருந்தாலும் 98 சதவீதம் சரியாகத்தான் இருந்திருக்கும். அதில் தாளுக்கு என்ன பெருமை?

இந்தக் கணக்கைத் தவறவிட்டால் செய்தித்தாள் தலைப்பு எப்படிப் பிறக்கும் என்று பாருங்கள். நியூயார்க்கில் ஏழைகள் அதிகம் வரும் ஒரு பொது மருத்துவப் பிரிவில் 1,157 நோயாளிகளிடம் இதே தாளைக் கொடுத்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில் 9.8 சதவீதம் பேருக்கு ‘பாசிட்டிவ்’. பத்தில் ஒருவருக்கு இருமுனை நோய் என்று அதைப் படித்தால் முழுத் தப்பு. பத்தில் ஒருவருக்குத் தாளில் ‘பாசிட்டிவ்’ வந்தது, அவ்வளவுதான். அவர்களுக்கு மனக்கஷ்டம் இருந்தது என்பதும், அதைக் கேட்க யாரும் இல்லை என்பதும் வேறு விஷயம், பெரிய விஷயம்.

இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல் ஒரே வரியில் சொல்லிவிட்டது: குடும்ப மருத்துவர் மட்டத்தில் பெரியவர்களிடம் இருமுனை நோயைக் கண்டறியக் கேள்வித்தாள்களைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குப் பதில் என்ன செய்யச் சொன்னது? மனச்சோர்வு என்று வருபவரிடம், முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய சுறுசுறுப்போ கட்டுப்பாடில்லாத நடத்தையோ இருந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான்கு நாளோ அதற்கு மேலோ நீடித்திருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள். அவ்வளவுதான். தாளில் இல்லாத ‘எத்தனை நாள்’ அங்கே வந்துவிட்டது பாருங்கள்.

வேறு தாள்களும் இருக்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் ஜூல்ஸ் ஆங்ஸ்ட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட பட்டியலில் 32 கேள்விகள். அது நோய் உள்ளவரை நன்றாகப் பிடிக்கும். வெறும் மனச்சோர்வு உள்ளவர்களில் பாதிப் பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ரொனால்ட் பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் டிக் பட்டியலை விட்டுவிட்டு, ஒருவருடைய ஏற்ற இறக்கங்களைச் சின்னக் கதையாகவே எழுதி, ‘இது உங்கள் கதை போல இருக்கிறதா’ என்று கேட்கும்படி ஒன்று செய்தார். எனக்குப் பிடித்த யோசனை. மனிதர்களுக்குத் தங்களைப் பட்டியலில் தேடுவதைவிடக் கதையில் தேடுவது எளிது.

கேள்வித்தாளால் மனதை அளக்கும் ஆசை பழையது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-ஐ ஒட்டி, குண்டுச் சத்தத்தில் நிலைகுலையக்கூடிய சிப்பாய்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க ராபர்ட் வுட்வர்த் என்ற உளவியலாளர் நூற்றுக்கும் மேற்பட்ட ‘ஆம்–இல்லை’ கேள்விகள் கொண்ட ஒன்றைத் தயாரித்தார். பெரிய அளவில் பயன்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது. அதில் ‘ஆம்’ கூடுதலாக வந்தவரை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். அந்த இரண்டாம் பாதியை நாம் மறந்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. இப்போது மனச்சோர்வுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்பது கேள்வித் தாள், பி.எச்.க்யூ.-9, ஒரு மருந்து நிறுவனத்தின் நிதியில் உருவானது. அதனாலேயே அது கெட்டதாகிவிடாது. ஆனாலும் டிக் அடிக்கும் தாளுக்கும் மாத்திரைச் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் குறையக் குறைய யாருக்கு லாபம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜிம்மர்மன் ஒரு படி மேலே போய், மனநல மருத்துவமனையில் இந்தத் தாளே தேவையில்லை என்கிறார். நோயாளியை டாக்டர் எப்படியும் நேர்காணல் செய்யத்தானே போகிறார், அப்போது கேட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். தர்க்கப்படி சரி. ரோட் ஐலண்டில் அது நடக்கலாம். நம் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலையில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அங்கே பத்து நிமிட நேர்காணலே பெரிய ஆடம்பரம். ஆகவே நான் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. தாளை வைத்திருக்கிறேன். ஆனால் காத்திருக்கும் பெஞ்சில் கொடுப்பதில்லை. முதல் சந்திப்பு முடிந்ததும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருப்பவரோடு உட்கார்ந்து நிரப்பச் சொல்கிறேன். கருத்து வேறுபட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவரச் சொல்கிறேன். அடுத்த முறை நான் முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான். எண்ணிக்கையைக் கடைசியில்தான் பார்ப்பேன், சில சமயம் பார்க்காமலே விட்டுவிடுவேன்.

ஒரு ‘ஆம்’ வந்தால் பிறகு என்ன கேட்க வேண்டும்? எப்போது என்பதை முதலில். தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. பொங்கலுக்கு முன்னா பின்னா, பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு முன்னா பின்னா, மாமனார் காரியத்தின் போது எப்படி இருந்தார் என்று கேட்டால் வந்துவிடும். அடுத்தது எத்தனை நாள். பிறகு, மற்றவர் யார் கவனித்தார்கள். அந்தச் சமயத்தில் குடித்துக்கொண்டிருந்தாரா? ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுத்தாரா? தைராய்டு சுரப்பு அதிகமா? இவை எல்லாமே எழுச்சியைப் போல நடிக்கக்கூடியவை. பெண் என்றால், குழந்தை பிறந்த சில வாரங்களில் தூக்கமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தாரா என்று கேட்க வேண்டும். வீட்டில் யாராவது இப்படி இருந்தார்களா என்று கேட்டால், முதலில் ‘இல்லை’ என்றுதான் வரும். கொஞ்சம் பொறுத்தால், “எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தாரு, ரொம்பக் கெட்டிக்காரர், அப்புறம் எங்கேயோ போயிட்டாரு” என்று வரும். எத்தனை வீடுகளில் அப்படி ஒரு சித்தப்பா!

இந்தக் கேள்விகளுக்குள் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்க அனுமதி என்றால் நான் தூக்கத்தைத்தான் கேட்பேன். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, அடுத்த நாள் முழுக்கச் சோர்வில்லாமல் ஓடினாரா, அப்படித் தொடர்ந்து சில நாட்கள் இருந்தாரா என்று. தூக்கம் வராமல் தவிப்பவர்கள் ஏராளம். தூக்கமே தேவைப்படாதவர்கள் குறைவு.

தவறான ‘ஆம்’ என்ன செய்யும் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லித்தியம் இந்த நோய்க்கு அருமையான மருந்து. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1949-இல் அதன் பயனை எழுதினார், இன்றும் அதற்கு நிகராக ஒன்றைச் சொல்வது கஷ்டம். ஆனால் இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான தீங்கு செய்யக்கூடியது. கல்யாண வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஏழு டிக்கை நம்பி அதை எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். சரியாக நோய் உறுதியானவர் அந்த மருந்துகளைத் தானாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதி பேசியவனாவேன்.

போனில் நிரப்பிவிட்டு ‘பாசிட்டிவ்’ பார்த்து, இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்கள் இந்த அரங்கிலேயே ஒருவர் இருவர் இருக்கலாம். அவர்களுக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. அந்த எண்ணை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணைக் காட்டி மாத்திரை கேட்காதீர்கள், எண்ணைப் பார்த்து மட்டும் மாத்திரை எழுதும் டாக்டர் என்றால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் சீட்டுகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘நெகட்டிவ்’ வந்தும் வீட்டில் இருப்பவர்கள் ‘நீ அப்போ சரியாவே இல்ல’ என்று சொல்கிறார்கள் என்றால், அவர்கள் சொல்வதற்குத் தாளைவிட அதிக மதிப்புக் கொடுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்தத் தாளையும் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் இரண்டாவது முறையாகச் சைகை காட்டுகிறார். கேள்விகளைக் கேளுங்கள், உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறேன்.